வழிப்பறி

ஒடுகத்தூரில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது என் கண்ணெதிரிலேயே ஒரு வழிப்பறிக் கொலை நடந்தது. இரவு பத்து மணி இருக்கும். கொலையுண்டவன் கூடத்தில் எனக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தான். தண்ணீர்ச் சொம்பின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, இடது கை விரலால் அதைத் தடவியபடியே வலது கையால் களியை உருட்டிக்கொண்டிருந்தவன், திடீரென்று உருண்டையைத் தட்டிலேயே போட்டுவிட்டான்.

"போச்சு" என்றான்.

"இன்னாடா போச்சு?" என்று அடுப்பங்கரையிலிருந்து தங்கை கேட்டாள்.

"எல்லாம் போச்சு ஆயா. மாடு போச்சு, தோலு போச்சு. என்னையும் கொன்னுட்டானுங்க."

தங்கை ஒரு கரண்டிக் குழம்போடு வந்து, இறந்தவனுடைய தட்டில் ஊற்றிவிட்டுப் போனாள். அவளுக்கு இது பழக்கம். எனக்குத்தான் புதிது.

பையன் என் தங்கையின் மகள் வயிற்றுப் பேரன். வயது பத்தொன்பது. மாதனூர் வழியாக ஆம்பூருக்குத் தினம் பஸ்ஸில் போய்ப் படித்துவிட்டு வருகிறான். அவன் தாயாரும் ஆம்பூரில்தான் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள்; விடியுமுன்பே கம்பெனி வண்டி வந்து அவளை அழைத்துப் போய்விடுகிறது. அன்று இரவு அவன் சாப்பிடாமல் எழுந்து போனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான் பாருங்கள், அப்போதுதான் எனக்குக் கவலை வந்தது. விசாரித்தால், துக்கம் கொள்ளை போன சரக்குக்காக அல்ல. கொள்ளையடித்த கூட்டத்தில் ஒருவன் அவனுடைய உயிர்ச் சிநேகிதன்.

இந்த இடத்தில், வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கைப்பேசியைக் கண்டாலே நடுங்குகிற தாய்மார்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். என் தங்கையும் முதலில் இதை ரம்மி என்றே நினைத்துக் கூப்பாடு போட்டிருக்கிறாள். அது வேறு சமாசாரம். பணம் கட்டி ஆடுகிற ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே சட்டம் செய்துவிட்டது. நான் சொல்வது பணயம் இல்லாத ஆட்டம். ஆனால் பணயம் இல்லை என்பதற்காக நஷ்டமும் இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. மூன்று மாத உழைப்பு ஒரே நிமிஷத்தில் போனால், அது நிழல் உழைப்பாயிருந்தால் என்ன, நிஜ உழைப்பாயிருந்தால் என்ன, வயிறு எரியத்தான் செய்கிறது.

ஆட்டத்தின் பெயர் ஆல்பியன் ஆன்லைன். பெர்லின் நகரத்தில் செய்து 2017ல் வெளியிட்டார்கள். 2021ல் கைப்பேசிக்கு வந்தது. 2023ல் ஆசியாவில் இருப்பவர்களுக்கென்று தனியாக ஓர் உலகத்தையே திறந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, ஒரே சமயத்தில் அந்த நாட்டில் நடமாடுகிறார்கள். மரம் வெட்டலாம், கல் உடைக்கலாம், உலோகம் தோண்டலாம், நார்ப் பயிர் அறுக்கலாம், மிருகத்தை வேட்டையாடித் தோல் உரிக்கலாம். உரித்த தோலைப் பதனிட்டு, அதில் அங்கியும் செருப்பும் தைத்துச் சந்தையில் விற்கலாம். ஒவ்வொரு நகரத்துக்கும் ஒவ்வொரு தொழில் விசேஷம். மார்ட்லாக் என்ற ஊரில் தோல் பதனிட்டால் மிச்சம் அதிகம்.

உலகத்தில் இத்தனை தொழில் இருக்க, வேலூர், ஆம்பூர்ச் சீமையில் பிறந்த இந்தப் பிள்ளை எதை எடுத்தான் என்கிறீர்கள்? தோலைத்தான்! பகலெல்லாம் தாயார் கம்பெனியில் தோலோடு மல்லாடுகிறாள்; இரவெல்லாம் மகன் இல்லாத மிருகத்தின் தோலை உரிக்கிறான். "ஏண்டா, மரம் வெட்டக் கூடாதா?" என்று கேட்டேன். "தோலுக்குத்தான் தாத்தா கிராக்கி" என்றான். பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கெழுதிய என் தகப்பனாரும் அச்சாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, கொள்ளை எங்கிருந்து வந்தது? அந்த நாட்டில் நிலத்துக்கு நிறம் உண்டு. நீல நிலத்தில் ஒருவன் மேல் ஒருவன் கை வைக்க முடியாது. மஞ்சள் நிலத்தில் அடித்துக் கீழே தள்ளலாம். உடைமையைத் தொட முடியாது. சிவப்பு நிலத்துக்குப் போனால் கொன்றும் போடலாம், கொன்றவன் பிணத்தின் மேலிருக்கிற செருப்பு உட்பட எடுத்துக்கொண்டும் போகலாம்; ஆனால் அவன் பேர் கெடும். கறுப்பு நிலத்தில் பேர் கெடுகிற பயமும் இல்லை. அப்படியானால் நீல நிலத்திலேயே சமர்த்தாக இருந்துவிட்டுப் போவதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். உயர்ந்த ரகத் தோல் நீலத்தில் கிடைக்காதாம். நிறம் முற்ற முற்றத்தான் சரக்கு உயருமாம். ஆட்டத்தைக் கட்டியவன் தங்கத்தைக் கொண்டுபோய்ப் புலிக் குகையில் வைத்துவிட்டு, 'இஷ்டமிருந்தால் போ, இல்லாவிட்டால் போகாதே' என்று சொல்லியிருக்கிறான்.

பேரன் சேர்ந்திருந்த சங்கத்தில் நாற்பது பேர். 'கில்டு' என்பது அவர்கள் வழங்குகிற பெயர். ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பையன்கள் பாதி. மீதிப் பேரில் ஒருவர் ஈப்போவில் மெக்கானிக், ஒருவர் துபாயில் சமையற்காரர். இரவில் காதில் குமிழை மாட்டிக்கொண்டு பேசிச் சிரித்தபடி வேட்டைக்குப் போவார்கள். யார் என்ன ஜாதி, எந்த மதம், எந்தத் தெரு என்று ஒருவருக்கும் தெரியாது, கேட்பதும் இல்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் குடியிருக்க வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள், மூன்றாவது கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட சங்கம் எதில் உடைந்தது தெரியுமா? 'அடிக்கலாமா, கூடாதா' என்ற ஒரே கேள்வியில்.

"நீலத்துல முயல் தோலை உரிச்சிக்கினு எத்தினி நாள் இருக்கறது? கறுப்புக்குப் போவலாம். நாலு பேரை அடிச்சாத்தான் ஆட்டம்" என்று ஒரு கட்சி. "பன்னண்டு மணி நேரம் ஷிப்டு முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் நிம்மதியா ஆடலாம்னு பார்த்தா, இங்கேயும் ஒருத்தன் கழுத்தைப் பிடிக்கணுமா?" என்று இன்னொரு கட்சி. அடிக்கிற கட்சி, அடிக்காதவர்களைக் 'கேர்பேர்' என்று ஏசிற்று. அது குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்குகிற பொம்மைக் கரடியின் பெயராம். அடிக்காத கட்சி, மற்றவர்களைத் திருடர்கள் என்றது. ஒரு வாரத்தில் சங்கம் இரண்டாகிவிட்டது. (சங்கங்களை உடைப்பதில் எழுத்தாளர்களாகிய நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. ஆனால் ஒரு வாரம் என்பது எங்களுக்குக்கூடச் சாதனைதான்.) பேரன் சமாதானக் கட்சியில் நின்றான். ஆம்பூர்ச் சிநேகிதன், ஒரே பெஞ்சில் கூடப் படித்துவிட்டு இப்போது ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கிறவன், சண்டைக் கட்சியோடு போய்விட்டான். போனாலும் பஸ் நிலையத்தில் பார்த்தால் டீ குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள், அந்த இரவு வரைக்கும்.

இது ஏதோ எங்கள் பாலாற்றங்கரைச் சச்சரவு என்று எண்ணிவிட வேண்டாம். இந்தப் பாகப்பிரிவினைக்கு வயது கால் நூற்றாண்டுக்கு மேல். 1997ல் அமெரிக்காவில் அல்டிமா ஆன்லைன் என்ற ஆட்டம் வந்தது. ஆட்டத்தைப் படைத்த ரிச்சர்ட் கேரியட் என்பவர் தாமே அதில் 'லார்ட் பிரிட்டிஷ்' என்ற ராஜாவாக வேஷம் கட்டிக்கொண்டார். அந்த வருஷம் ஆகஸ்டில், வெள்ளோட்டத்தின்போது, ராஜா குடிமக்களுக்குத் தரிசனம் கொடுக்க எழுந்தருளினார். ராஜாவுக்குச் சாகாவரம் உண்டு. ஆனால் கொஞ்சம் முன்னால் யந்திரம் ஒருமுறை நின்று ஓடியதில் அந்த வரத்தை மறுபடி போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். கூட்டத்தில் ஒரு குறும்பன் நெருப்பு மந்திரத்தைப் போட்டுப் பார்த்தான். படைத்தவரே பொசுங்கி விழுந்தார்!

ராஜாவுக்கே அந்தக் கதி என்றால் பிரஜைகள் எம்மாத்திரம்? ஊர் எல்லையைத் தாண்டினால் கொலை. புதிதாக வந்தவன் கோடாலியோடு காட்டுக்குப் போனால் கோடாலியும் மிஞ்சுவதில்லை. வந்தவர்கள் வெறுத்துப்போய்க் கிளம்பலானார்கள். கடைசியில் 2000ஆம் ஆண்டில் நிர்வாகிகள் ஒரு காரியம் செய்தார்கள். உலகத்தை இரட்டிப்பாக்கினார்கள். அதே மலை, அதே ஆறு, அதே தெரு; ஆனால் இரண்டு பிரதி. அந்தக் கற்பனை உலகத்தின் இரண்டு நிலாக்களின் பெயரை வைத்து ஒன்றுக்கு டிரம்மல், இன்னொன்றுக்கு ஃபெலுக்கா என்றார்கள். டிரம்மலில் சம்மதமில்லாமல் யாரையும் அடிக்க முடியாது. ஃபெலுக்காவில் பழைய தர்மம்தான். பெரும்பாலான ஜனம் மூட்டை முடிச்சோடு டிரம்மலுக்குக் குடியேறிவிட்டது. ஃபெலுக்கா வெறிச்சோடிற்று, கொள்ளைக்காரர்களுக்குக் கொள்ளையடிக்க ஆள் இல்லை. பிற்பாடு அங்கே வெட்டினால் மரமும் உலோகமும் இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று ஆசை காட்டி ஆள் சேர்க்க வேண்டியதாயிற்று.

"டிரம்மல்தான் ஆட்டத்தைக் கெடுத்தது" என்று புலம்புகிறவர்கள் இன்றும் உண்டு. "டிரம்மல் வந்ததால்தான் ஆட்டம் பிழைத்தது" என்கிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள்தாம்.

1978ல் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையில், எழுத்து மட்டுமே திரையில் ஓடுகிற ஆதி ஆட்டம் ஒன்றைச் செய்த இருவரில் ரிச்சர்ட் பார்ட்டில் ஒருவர். அவர் 1996ல் ஒரு கட்டுரை எழுதினார். இம்மாதிரி உலகங்களுக்கு வருகிறவர்களைச் சீட்டுக்கட்டைப்போல நாலு ஜாதியாகப் பிரித்தார். பொருள் சேர்ப்பவன் டைமன். தோண்டித் துருவிப் பார்ப்பவன் இஸ்பேட். பேசிச் சிரிக்க வருகிறவன் ஆட்டின். அடிக்க வருகிறவன் கிளாவர். கிளாவர் பெருகினால் டைமனும் ஆட்டினும் ஓடிப்போகும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கட்டுரையை முன்பே ஒழுங்காகப் படித்திருந்தால் ராஜா இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார்.

இதையெல்லாம் பேரனுக்கு எடுத்துச் சொல்லிச் சமாதானம் செய்யலாம் என்று பார்த்தேன். அவன் கேட்கவில்லை. அவனுக்கு மாடு விடும் விழாவின் நியாயம்தான் தெரிந்திருந்தது.

மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு வேறு, எங்கள் பக்கத்து எருது விடும் விழா வேறு. எங்கள் ஊர்களில் காளையை யாரும் கட்டிப் பிடிப்பதில்லை. தெருவின் இருபுறமும் கம்பம் நட்டு அடைத்துவிட்டு, நடுவே காளையை ஓட விடுவார்கள். குறித்த தூரத்தை எந்தக் காளை குறைந்த நேரத்தில் ஓடுகிறதோ அதற்குப் பரிசு. 2017ல் போட்ட சட்டத்திலும், 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று சொன்னபோதும், ஜல்லிக்கட்டோடு சேர்ந்து இதுவும் பிழைத்தது. அடைப்புக்கு வெளியே நிற்கிறவர்கள் உண்டு. மொட்டை மாடியில் நின்று பார்க்கிறவர்கள் உண்டு. உள்ளே இறங்கி ஓடுகிற காளையின் முதுகைத் தட்டுகிற வீரர்களும் உண்டு. என் வாலிபத்தில் நானும் ஒருமுறை இறங்கி, தொடையில் ஒரு தழும்பு வாங்கி வந்திருக்கிறேன். என் தகப்பனார் ஆஸ்பத்திரியில் வந்து பார்த்துவிட்டு, "உள்ளே இறங்கினது யாரு?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். காளைக்காரன்மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அதே மாதிரிதானேடா? சிவப்பு நிலம் என்று தெரிந்துதானே போனாய்?" என்றேன்.

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "தாத்தா, காளைக்கு உங்க பேரு தெரியுமா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆட்களின் தலைக்கு மேலே பெயர் தெரிகிற ஆட்டம் அது. அன்று இரவு இவன் ஒரு பாரம் தோலைப் பொதி எருதின்மேல் ஏற்றிக்கொண்டு மார்ட்லாக்குக்குப் புறப்பட்டிருக்கிறான். நீல வழியாகச் சுற்றிப் போனால் நேரமாகும், மறுநாள் பரீட்சை, சிவப்பு நிலத்தில் குறுக்கே புகுந்திருக்கிறான். பொதி எருது பாரம் சுமக்குமே தவிர ஓடாது. காட்டோரத்திலிருந்து ஏழு பேர் குதிரையில் வந்து வளைத்தார்கள். அதில் ஒரு குதிரையின்மேல் தெரிந்த பெயர். "பேரைப் பார்க்கவில்லை, அடித்த பிறகுதான் தெரிந்தது" என்று சிநேகிதன் அப்புறம் செய்தி அனுப்பினான். இவன் அதற்குப் பதில் போடவில்லை.

எனக்கு இரவில் தூக்கம் வராமல் திண்ணையில் படுத்தபடி வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கொலையிலும் செத்தவனுடைய அங்கியிலும் ஆயுதத்திலும் ஒரு பங்கு பாழாகிப்போகுமாம். மிச்சத்தைத்தான் கொன்றவன் எடுத்துக்கொள்ள முடியுமாம். ஆகவே சண்டைக்காரனுக்கு நாள்தோறும் புது அங்கி வேண்டும். புது அங்கிக்குத் தோல் வேண்டும். சிவப்பிலும் கறுப்பிலும் வெட்டு குத்து நின்றுபோனால் நீல நிலத்தில் சாதுவாக உட்கார்ந்து பதனிடுகிறவனுடைய சரக்கை யார் வாங்குவார்கள்? 'தோலுக்குத்தான் கிராக்கி' என்றானே, அந்தக் கிராக்கி எங்கிருந்து வந்தது?

1914ல் மூண்ட முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சேனையின் பூட்ஸுகளுக்கு மேல்தோலாகச் சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோல் கப்பல் கப்பலாகப் போயிற்று. லண்டன் சந்தையில் அதற்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். சர்க்காரே பெருமளவில் வாங்கிக் குவித்தது. யுத்தம் நடந்தது பிரான்சின் சேற்றில். தோல் ஊறியது இங்கே எங்கள் ஆவாரம்பட்டைத் தொட்டியில். என் தகப்பனார் பழைய கணக்குப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு, "சண்டை வருஷத்து லாபம்" என்று ஒரு மாதிரிக் குரலில் சொல்வார். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனிதர். அந்த லாபத்தின் தொடர்ச்சியில்தான் அவருக்குச் சம்பளம் வந்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் எழுத்துக் கற்றேன். சமாதானக் கட்சிக்கும் சண்டைக் கட்சிக்கும் நடுவே நிறக் கோடு கிழித்துவிடலாம். வியாபாரம் கோட்டைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. இதைப் பேரனிடம் சொல்லவில்லை. சரக்கைப் பறிகொடுத்தவனிடம் சொல்லுகிற பேச்சா இது?

வெள்ளிக்கிழமை வந்தது. ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. மலைப் பக்கத்திலிருந்து ஆடுகள் வந்து இறங்குகிற நாள். காலை எட்டு மணிக்கு வாசலில் ஒரு பையன் வந்து தயங்கி நின்றான். தகப்பனாரோடு சந்தைக்கு வந்தானாம். அக்காள் கல்யாணத்துக்கு ஆடு பிடிக்க. தலையில் வெள்ளைத் தொப்பி. தங்கை அவனைப் பார்த்ததும், "வாப்பா, இத்தினி நாளா எங்க போன? உக்காரு" என்று மோர் கொண்டுவந்து வைத்தாள். திண்ணையில் ஒரு கோடியில் அவன் உட்கார்ந்தான். உள்ளே இருந்து வந்த பேரன் மறு கோடியில் உட்கார்ந்தான். நான் நடுவில் பத்திரிகையைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல அடைப்பு கிடையாது.

வெகு நேரம் ஒருவரும் பேசவில்லை.

"பேரைப் பார்த்தேன்டா" என்றான் வந்தவன். "பார்க்கலன்னு அனுப்பினது பொய். ஆறு பேரும் பாய்ஞ்சிட்டானுங்க. நான் மட்டும் நின்னா என்னையும் கேர்பேர்னு சொல்லுவானுங்க. அதான்."

பேரன் திண்ணைக் காரையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான்.

"மாடு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். ஏத்துக்கினு வந்த தோலுல என் பங்கும் அப்படியே இருக்குது. வாங்கிக்கடா."

"உன் மாடு எனக்கு வேணாம்."

"அப்ப இன்னாதான் வேணும்?"

நான் பத்திரிகையில் ஒரே வரியைப் பத்தாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். சந்தைப் பக்கமிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பையன் எழுந்து செருப்பை மாட்டினான்.

"நாளைக்கு ராத்திரி ஒரு லோடு போவுது" என்றான் பேரன், அவன் முகத்தைப் பார்க்காமலே. "முன்னாடி குதிரையில போயி, எவனாவது நிக்கறானான்னு பார்த்துச் சொல்லுவியா?"

"எந்த வழி? நீலமா?"

"சிவப்புதான்."

வந்தவன் மீதி மோரையும் குடித்துவிட்டுப் போனான். தெருமுனையில் குட்டி யானை வண்டியில் இரண்டு ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

மறுநாள் இரவு நான் ஊருக்குப் புறப்பட்டிருக்க வேண்டும், புறப்படவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சொம்பின்மேல் கைப்பேசியைச் சாய்த்தான். சின்னஞ்சிறு எருது ஒன்று பாரத்தைச் சுமந்துகொண்டு மெள்ள நடந்தது. கொஞ்ச தூரம் முன்னால் ஒரு குதிரை. "வலது பக்கம் ஒருத்தனும் இல்ல, வா" என்று காதுக் குமிழிலிருந்து ஆம்பூர்க் குரல் லேசாகக் கேட்டது. எங்கள் ஊரில் மலைக்கு அப்புறம் மழை கட்டினால் சிக்னல் போய்விடும். அன்று பார்த்து மின்னிக்கொண்டிருந்தது. சொம்பு ஆடாமல் நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, உனக்கு இன்னும் ஒரு உருண்டை வைக்கட்டா?" என்றாள் தங்கை.

"சத்தம் போடாதே, பாலம் தாண்டட்டும்" என்றேன்.